நீல அட்டைக்குள் ஒரு தீவு: தெரியுமா உங்களுக்கு?

இத்தாலியில் எந்த ஊர்ப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் ஓர் அலமாரி கண்ணைப் பிடித்து இழுக்கும். வரிசையாகக் கருநீல அட்டைகள், நடுவில் சின்னதாக ஒரு படம். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிடலாம், அவ்வளவு கச்சிதமான புத்தகங்கள்! எழுதியவர் யார் என்று பார்ப்பதற்கு முன்பே அந்த ஊர் வாசகர்கள் சொல்லிவிடுவார்கள்: "இது செல்லேரியோ!"

பெரிய பதிப்பகங்கள் எல்லாம் மிலானிலும் துரினிலும் உட்கார்ந்திருக்கும் நாடு அது. அந்த நாட்டின் தெற்குக் கோடியில், கடலைத் தாண்டி, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பிறந்தது இந்தக் குட்டிப் பதிப்பகம். பலரும் மறந்துபோனவற்றைத் தேடி எடுத்து அச்சில் ஏற்றுவதையே வேலையாக வைத்துக்கொண்டது. அந்த ஒரே வேலையால் ஒரு நாட்டின் வாசிப்பையே மாற்றியது! எப்படி என்று கேட்கிறீர்களா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு பெண்ணின் பணிக்கொடையில் பிறந்த பதிப்பகம் இது, தெரியுமா?

1969. எல்வீரா செல்லேரியோவுக்கு அப்போது வயது 33. கையில் நிலையான வேலை இருந்தது. அதை விட்டார். வேலையை விட்டபோது கிடைத்த பணிக்கொடை 1 கோடியே 20 லட்சம் லிரா. வீடு வாங்கியிருக்கலாம், நகை வாங்கியிருக்கலாம், வங்கியில் போட்டு வட்டி வாங்கியிருக்கலாம். எல்வீரா அந்தப் பணத்தில் புத்தகம் போட்டார்!

நினைத்துப் பாருங்கள். அச்சுத் தொழிலில் முன்னனுபவம் கிடையாது. ஊரோ தலைநகரிலிருந்து வெகு தொலைவு. பெண்கள் தொழில் நடத்துவதே அபூர்வமாக இருந்த காலம். அந்தத் துணிச்சலுக்கு 1991இல் இத்தாலிய அரசு மரியாதை செய்தது. தொழில்துறையில் சாதித்தவர்களுக்குத் தரும் 'கவலியேரே தெல் லவோரோ' என்ற உயரிய பட்டத்தை அவருக்கு வழங்கியது.

கூட்டாளியான கணவர், சட்டம் கற்பித்துவிட்டுக் கேமராவைத் தூக்கியவர், தெரியுமா?

எல்வீராவின் கணவர் என்ட்ஸோ செல்லேரியோ. 1924இல் பலெர்மோவில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்தவரைப் புகைப்படம் வந்து பிடித்துக்கொண்டது. பலெர்மோவின் பழைய குடியிருப்பான கால்சாவில், சிறுவர்கள் துப்பாக்கியால் சுட்டு விளையாடுவதை அவர் 1960இல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. போரில் குண்டு விழுந்து இடிந்த ஊரில் குழந்தைகள் விளையாடும் விளையாட்டு எப்படி இருக்கும்? ஒரே சொடுக்கில் காட்டிவிட்டார்!

எதைக் காட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்த அந்தக் கண்தான் பின்னாளில் செல்லேரியோ புத்தகங்களின் முகத்தையும் வரைந்தது.

யோசனை சொன்னவர் ஒரு தொடக்கப்பள்ளி வாத்தியார், தெரியுமா?

சிசிலியின் உட்பகுதியில், கந்தகச் சுரங்கங்களுக்குப் பேர்போன ரகால்மூத்தோ என்ற ஊரில் 1921இல் பிறந்தவர் லியோனார்தோ ஷாஷா. சொந்த ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். மாஃபியா என்ற சொல்லை உச்சரிக்கவே ஊர் தயங்கிய நாளில், 1961இல், அதைப் பற்றி வெளிப்படையாக நாவல் எழுதினார். இத்தாலி முழுக்க அறிந்த எழுத்தாளராகிவிட்ட அவரும், மானுடவியலாளர் அந்தோனினோ பூத்தீத்தாவும் சேர்ந்துதான் செல்லேரியோ தம்பதியைப் பதிப்பகம் தொடங்கும்படி ஊக்கப்படுத்தினார்கள்.

ஊக்கப்படுத்திவிட்டு ஷாஷா போய்விட்டாரா? இல்லவே இல்லை! எந்தப் புத்தகத்தைப் போடலாம், எந்தப் பழைய நூலை மீட்கலாம் என்று கடைசிவரை கூடவே இருந்தார். அட்டையின் உள்மடிப்பில் அச்சாகும் அறிமுகக் குறிப்புகளைத் தன் பெயர் போடாமலே எழுதிக் கொடுத்தார். பெயரில்லாமல் கிடந்த அந்தக் குறிப்புகளைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்தார்கள். ஷாஷா மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, 2003இல், அவை தனிப் புத்தகமாகவே வந்தன. அதன் தலைப்பில் வரும் சொற்களுக்குப் பொருள் 'புத்தகம் செய்வதன் ஆனந்தம்'!

நாவலை அச்சேற்ற ஓர் இளவரசர் பட்ட பாடு தெரியுமா?

பலெர்மோவில் அப்படி ஒரு பதிப்பகம் ஏன் வேண்டியிருந்தது? ஒரே கதை போதும்.

ஜுசெப்பே தொமாசி தி லம்பேதூசா. பலெர்மோவின் பழங்குடும்பத்து இளவரசர். வாழ்நாளின் கடைசியில் ஒரே ஒரு நாவல் எழுதினார். பெயர் 'இல் கத்தோபார்தோ'. வடக்கே இருந்த இரண்டு பெரிய பதிப்பகங்கள், மொந்ததோரியும் எய்னாவ்தியும், அதைத் திருப்பி அனுப்பின. 1957 ஜூலையில், நூல் அச்சேறாமலே, இளவரசர் கண்மூடினார். அடுத்த ஆண்டு மிலானின் ஃபெல்த்ரினெல்லி பதிப்பகம் அதை வெளியிட்டது. 1959இல் இத்தாலியின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான ஸ்த்ரேகா அதற்குக் கிடைத்தது! இன்று உலகமே அதைப் படிக்கிறது. எழுதியவர் அதன் ஒரு பிரதியைக்கூடக் கையில் ஏந்தியதில்லை.

தெற்கே எழுதுகிறவர் வடக்கே பார்சல் அனுப்பிவிட்டுத் தபால்காரருக்காகக் காத்திருந்த காலம் அது. இளவரசரின் நாவல் வெளிவந்த 11 ஆண்டில் அதே பலெர்மோவில் செல்லேரியோவின் கதவு திறந்தது!

வாங்கிய புத்தகத்தைக் கத்தி வைத்து வெட்டிப் படிக்க வேண்டும், தெரியுமா?

தொடக்க காலத்தில் வந்த ஒரு வரிசை நூல்களை மடித்த தாள் வெட்டாமலே விற்றார்கள். வாசகர் ஒரு தாள்கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே படிக்க வேண்டும். யாரும் தொடாத பக்கத்தை முதலில் பார்ப்பது நீங்கள்தான்! அட்டையில் ஓவியர்களின் செதுக்கோவியம் வேறு. புத்தகத்தைக் கையால் செய்த பொருளாக மதித்தவர்களின் வேலை அது.

பேசுபொருளும் ஊர் மண்ணிலிருந்தே வந்தது. 1970இல் வந்த தொடக்க கால நூல்களில் ஒன்று ரொசாரியோ லா தூக்கா எழுதிய 'பலெர்மோவின் நஞ்சுகள்'. சொந்த நகரத்தின் பழைய கதைகளைத் தோண்டி எடுத்தது அது.

55 நாள் துயரம் இந்தச் சிறு பதிப்பகத்தை நாடறியச் செய்தது, தெரியுமா?

1978 மார்ச் 16. இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவை ரோம் நகரத் தெருவில் 'சிவப்புப் படை' என்ற ஆயுதக் குழு கடத்தியது. மெய்க்காவலர்கள் 5 பேரும் கொல்லப்பட்டார்கள். 55 நாட்கள் மோரோ சிறையிருந்தார். சிறையிலிருந்து கடிதம் கடிதமாக எழுதினார். அவை அவருடைய சுயபுத்தியில் எழுதியவை அல்ல என்று அரசியல்வாதிகள் ஒதுக்கினார்கள். மே 9 அன்று ஒரு காரின் பின்புறத்தில் அவர் உடல் கிடைத்தது.

அந்தக் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் வரி வரியாகப் படித்தார். யார்? நம் பள்ளி வாத்தியார் ஷாஷா! ஒரு மனிதர் சாவின் விளிம்பில் எழுதிய சொற்களுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடினார். அதே ஆண்டிலேயே 'லஃபேர் மோரோ' என்ற புத்தகமாக எழுதி முடித்தார். எந்தப் பெரிய பதிப்பகமும் அதை வாங்கத் தயாராக இருந்திருக்கும். அவர் கொடுத்ததோ தன் ஊர்ப் பதிப்பகத்துக்கு! நாடே பேசியது, நாடே வாதாடியது. பலெர்மோவில் இப்படி ஒரு பதிப்பகம் இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே ஷாஷா நாடாளுமன்ற உறுப்பினரானார். மோரோ வழக்கை விசாரித்த நாடாளுமன்றக் குழுவிலும் உட்கார்ந்தார்.

அந்த நீல வரிசையின் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா?

1979இல் பிறந்தது அந்த வரிசை. பெயர் 'லா மெமோரியா'. பொருள்: நினைவு! மறக்கக் கூடாதவற்றுக்கு ஒரு வரிசை. முதல் எண் யாருக்கு? ஷாஷாவுக்கே. சிசிலியில் தன் மேலிடத்தோடு முரண்பட்ட ஒரு கத்தோலிக்க ஆயரின் உண்மைக் கதையை, பழைய கடிதங்களை வைத்து அவர் எழுதிய 'தால்லே பார்த்தி தெல்யி இன்ஃபெதேலி' என்ற சின்ன நூல் அது.

அளவைக் கேளுங்கள்: அகலம் 12 செ.மீ., உயரம் 17 செ.மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இன்னொரு அதிசயம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எந்தத் தாளில் அச்சிட்டோம் என்று அங்கே எழுதியிருப்பார்கள். ஃபப்ரியானோ ஆலையின் 'பலத்தீனா' தாள்! ஃபப்ரியானோ எங்கே இருக்கிறது? நடு இத்தாலியில். 13ஆம் நூற்றாண்டிலிருந்து காகிதம் செய்துவரும் ஊர். நம் ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரிகிறதே நீர்க்குறி, அதை ஐரோப்பாவுக்குத் தந்ததே அந்த ஊர்தான்! 7 நூற்றாண்டுத் தொழில் நுணுக்கம் ஒரு சட்டைப்பைப் புத்தகத்துக்குள்!

பள்ளிக்கூட வாசலே மிதிக்காத ஓர் எழுத்தாளர் மறுபிறவி எடுத்தது தெரியுமா?

மரியா மெஸ்ஸீனா. 1887இல் பலெர்மோவில் பிறந்தவர். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே எழுத்துக் கற்றவர். நாலு சுவருக்குள் அடைபட்ட சிசிலிப் பெண்களின் மூச்சுத் திணறலைக் கதைகளாக எழுதினார். நரம்புகளைத் தின்னும் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, யாரும் கவனிக்காமல் இறந்துபோனார். பெயரும் மறைந்தது.

ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து ஷாஷா அவரைக் கண்டெடுத்தார்! நியூஸிலாந்தில் பிறந்த சிறுகதை மேதை கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டோடு ஒப்பிட்டுப் பேசினார். 1982இல் 'லா கசா நெல் வீக்கோலோ', அதாவது 'சந்துக்குள் ஒரு வீடு' என்ற மெஸ்ஸீனாவின் நாவல் நீல அட்டையோடு மறுபடி வந்தது. முதல் பதிப்பு வந்தது எப்போது? 1921இல்! 60 ஆண்டு உறங்கிய புத்தகம் எழுந்து உட்கார்ந்தது. இன்று பல மொழிகளில் அவரைப் படிக்கிறார்கள்.

60 வயதில் 'புதுமுக' எழுத்தாளர் ஆனவரைத் தெரியுமா?

இந்தக் கதையைக் கேட்டால் சிலிர்த்துப்போவீர்கள்!

தெற்கு சிசிலியில் கோமிசோ என்று ஓர் ஊர். அங்கே ஜெசுவால்தோ பூஃபலீனோ என்றோர் ஆசிரியர். ஊரின் பழைய புகைப்படங்களைத் தொகுத்து ஒரு நூல் செய்தார்கள். அதற்கு அவர் ஒரு முன்னுரை எழுதினார். அவ்வளவுதான். 1978இல் செல்லேரியோ அந்த நூலை வெளியிட்டது. முன்னுரையைப் படித்த எல்வீராவும் ஷாஷாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு நடை எழுதுகிறவர் வேறு எதுவும் எழுதாமலா இருந்திருப்பார்?

கேட்டார்கள். "ஒன்றுமில்லை" என்றார். விடவில்லை, மறுபடி கேட்டார்கள். நாவலுக்குப் பதிலாக, பிரெஞ்சிலிருந்து செய்த மொழிபெயர்ப்புகளைக் கொடுத்தார். ஆனால் மேசைக்குள் நாவல் இருந்தது! இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், காசநோயோடு, பலெர்மோவை ஒட்டிய சிகிச்சை இல்லத்தில் அவர் கிடந்திருந்தார். கூடப் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, தான் மட்டும் பிழைத்த குற்ற உணர்வு அவரை விடவில்லை. அதுதான் நாவல். வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்தி யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்.

1981இல் ஒருவழியாகக் கொடுத்தார். 'திச்சேரியா தெல்லுந்தோரே' வெளியானது. அதே ஆண்டு கம்பியெல்லோ பரிசு! அப்போது அவருக்கு வயது 60. ஏழே ஆண்டில் ஸ்த்ரேகா பரிசும் வந்தது. ஒரு முன்னுரையைக்கூட அக்கறையாகப் படிக்கிற பதிப்பாளர் கிடைத்ததால் ஒரு பெரும் எழுத்தாளர் இத்தாலிக்குக் கிடைத்தார்!

இந்தப் பதிப்பகத்தின் புகழ்பெற்ற நாவல் ஒன்று சென்னை அடையாறுக்கு வருகிறது, தெரியுமா?

நிஜம்தான்! அந்தோனியோ தபூக்கி எழுதிய 'நொத்தூர்னோ இந்தியானோ', 'இந்திய இரவிசை' என்று சொல்லலாம், 1984இல் செல்லேரியோவின் நீல வரிசையில் வந்தது. காணாமல்போன நண்பனைத் தேடி ஒருவன் இந்தியாவுக்கு வருகிறான். பம்பாய், பிறகு நம் மெட்ராஸ், பிறகு கோவா. மெட்ராஸில் அவன் போய் நிற்கிற இடம் அடையாறு பிரம்மஞான சபை! அங்குள்ள பெரிய ஆலமரத்துக்குப் பக்கத்தில் எத்தனை முறை நடந்திருப்போம்! 1987இல் பிரான்ஸின் மெதிசி பரிசு, வெளிநாட்டு நாவலுக்கானது, இதற்குக் கிடைத்தது. 1989இல் பிரெஞ்சில் சினிமாவாகவும் வந்தது.

கணவன் மனைவி பிரிந்தபோது பதிப்பகத்தை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா?

1983இல் எல்வீராவும் என்ட்ஸோவும் பிரிந்தார்கள். தொழில் உடைந்துபோயிருக்க வேண்டும், இல்லையா? உடையவில்லை! கதை, கட்டுரை நூல்கள் எல்வீராவுக்கு. கலை, புகைப்பட நூல்கள் என்ட்ஸோவுக்கு. இருவரும் தத்தம் பாதையில் அதே 'செல்லேரியோ' பெயரோடு புத்தகம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மனம் பிரிந்தாலும் புத்தகத்தின் மீதிருந்த பற்று பிரியவில்லை.

ஓர் எழுத்தாளரின் முதல் நாவல் அச்சேற 10 ஆண்டு ஆனது, தெரியுமா?

இப்போது வருகிறார் கதாநாயகர்! ஆந்த்ரேயா கமில்லேரி. 1925இல் சிசிலியின் போர்த்தோ எம்பெதோக்ளே துறைமுகத்தில் பிறந்தவர். நாடக இயக்குநர், தொலைக்காட்சித் தயாரிப்பாளர், நடிப்புப் பள்ளி ஆசிரியர். 1960களின் கடைசியில் எழுதிய முதல் நாவலைப் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பினார். எல்லாக் கதவும் மூடியிருந்தது. 1978இல்தான் அது ஒருவழியாக வெளிவந்தது.

அவர் ஊரில் ஒரு பழைய ரகசியம் உண்டு. 1848இல் அங்கிருந்த கோட்டைச் சிறையில் 114 கைதிகள் ஒரே இரவில் மடிந்தார்கள். யாருக்கும் நினைவில்லை. ஷாஷா எழுதுவார் என்று அவரிடம் கொண்டுபோனார் கமில்லேரி. "நீங்களே எழுதுங்கள்" என்றார் ஷாஷா! எழுதினார். 1984இல் செல்லேரியோ வெளியிட்டது. தலைப்பு என்ன தெரியுமா? 'மறக்கப்பட்ட படுகொலை'! நினைவு என்று பெயர் வைத்த பதிப்பகத்துக்கு இதைவிடப் பொருத்தமான நூல் உண்டா?

68 வயதில் உருவாக்கிய பாத்திரம் உலகம் சுற்றியது, தெரியுமா?

1994. கமில்லேரிக்கு 68 வயது. எல்லோரும் ஓய்வெடுக்கும் வயதில் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார்: 'லா ஃபோர்மா தெல்லாக்குவா', 'நீரின் வடிவம்'. அதில் பிறந்தார் போலீஸ் அதிகாரி சால்வோ மோந்தல்பானோ! நல்ல மீன் சாப்பாட்டுக்கு உயிரை விடுவார், கடலில் நீந்துவார், மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்பார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்பெயின் எழுத்தாளர் மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பானுக்குக் கமில்லேரி செய்த மரியாதை!

இன்னொரு வியப்பு. இரண்டே நாவலோடு மோந்தல்பானோவை நிறுத்திவிடுவதாக இருந்தார் கமில்லேரி. வாசகர்கள் விடவில்லை! அதுவும் எந்த மொழியில்? சுத்த இத்தாலியத்தில் இல்லை. இத்தாலியமும் சிசிலிப் பேச்சும் பிசைந்த தனி மொழி அது. வடக்கத்தி வாசகர்களுக்குப் புரியுமா என்று அஞ்ச இடமிருந்தது. எல்வீரா அஞ்சவில்லை. அப்படியே அச்சிட்டார். புரியாத சொல்லையும் ஓசையில் பிடித்துக்கொண்டு மிலான்காரர்களும் படித்தார்கள்! 1990களின் கடைசியில் விற்பனைப் பட்டியலைத் திறந்தால் கமில்லேரியின் பல புத்தகங்கள் ஒரே நேரத்தில் நிற்கும். 1999இல் தொலைக்காட்சித் தொடர் வந்தது. லூக்கா சிங்கரெத்தி நடித்த அந்தத் தொடர் கடல் கடந்து பல நாடுகளுக்குப் போனது.

ஒரு கற்பனை ஊர் நிஜ ஊரின் பெயர்ப் பலகையில் ஏறியது, தெரியுமா?

மோந்தல்பானோ வேலை பார்க்கும் ஊர் விகாத்தா. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அது கமில்லேரியின் கற்பனை! ஆனால் 2003இல் அவர் பிறந்த ஊரான போர்த்தோ எம்பெதோக்ளே, தன் பெயரோடு விகாத்தா என்பதையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. 2009இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் யோசியுங்கள்: கதைக்குள் இருந்த ஓர் ஊர் 6 ஆண்டுகள் நிஜமாகவே இருந்தது!

வக்கீலும் வேதியியலாளரும் இங்கே நாவலாசிரியர்கள் ஆனார்கள், தெரியுமா?

2002இல் பாரி நகரின் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஜான்ரீகோ கரோஃபீல்யோ எழுதிய முதல் நாவல் செல்லேரியோவில் வந்தது. நீதிமன்றக் கதை எழுதத் தெரிந்த நிஜ வழக்கறிஞர்! 2007இல் பீசா நகர வேதியியலாளர் மார்க்கோ மல்வால்தி வந்தார். அவர் கதையில் துப்பறிகிறவர்கள் யார்? ஒரு காபிக் கடையில் சீட்டாடும் நான்கு கிழவர்கள்! 2013இல் ரோக்கோ ஸ்கியவோனே என்ற போலீஸ்காரரோடு வந்த அந்தோனியோ மன்சீனி ஒரு நடிகர். நடிப்புப் பள்ளியில் அவருக்குப் பாடம் சொன்னவர் யார் தெரியுமா? கமில்லேரியேதான்! வாத்தியாரும் மாணவரும் ஒரே நீல அலமாரியில்!

ஆங்கிலத்தை முந்திக்கொண்டு உலக இலக்கியத்தைக் கண்டுபிடித்த பலெர்மோ தெரியுமா?

சிலி நாட்டு எழுத்தாளர் ரொபேர்த்தோ பொலான்யோவை இன்று உலகமே கொண்டாடுகிறது. அவருடைய பெரிய நாவலான 'காட்டுத் துப்பறிவாளர்கள்' ஆங்கிலத்தில் வந்தது 2007இல். இத்தாலியத்தில்? 2003இலேயே! வெளியிட்டது? செல்லேரியோ! இன்னும் முன்பாக, 1998இலேயே அவருடைய வேறொரு நூலை இத்தாலியருக்குக் கொடுத்துவிட்டது. உள்ளூர்ப் பதிப்பகம் என்றால் உள்ளூரை மட்டும் பார்க்கும் என்று யார் சொன்னது?

எழுத்தாளர் இறந்த பிறகு வெளியிடச் சொல்லி இழுப்பறைக்குள் காத்திருந்த நாவல் தெரியுமா?

இதைக் கேட்டால் கண் கலங்கும்.

2004, 2005இல் கமில்லேரி மோந்தல்பானோவின் கடைசிக் கதையை எழுதி முடித்தார். அப்போது அவருக்கு 80 வயதை ஒட்டி. தனக்கு எது நடந்தாலும் மோந்தல்பானோவின் முடிவைத் தானே எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம். 'ரிக்கார்தீனோ' என்ற அந்தக் கையெழுத்துப் பிரதியை எல்வீராவிடம் கொடுத்தார். அவர் அதைப் பூட்டி வைத்தார்.

ஆனால் காலம் வேறு கணக்குப் போட்டது. 2010 ஆகஸ்டில் எல்வீரா மறைந்தார். 2012இல் என்ட்ஸோவும் மறைந்தார். கமில்லேரி எழுதிக்கொண்டே இருந்தார். பார்வை போனது. சொல்லச் சொல்ல உதவியாளர் எழுத, அப்படியும் நிற்கவில்லை! 2016இல் அந்தக் கடைசிக் கதையை வெளியே எடுத்து, மொழியை மட்டும் புதுக்கிவிட்டு, மறுபடி உள்ளே வைத்தார். 2019 ஜூலை 17 அன்று, 93 வயதில், ரோமில் கண்மூடினார்.

2020 ஜூலை 16. அவர் மறைந்து ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பாக, 'ரிக்கார்தீனோ' வெளிவந்தது. சுமார் 15 ஆண்டுகள் அந்த முடிவு இழுப்பறைக்குள் இருந்தது! இலட்சக்கணக்கானவர்கள் தெரிந்துகொள்ளத் துடித்த முடிவு! எல்வீரா கொடுத்த வாக்கை, அவருக்குப் பின் பதிப்பகத்தை நடத்திய மகன் அந்தோனியோவும் மகள் ஒலிவியாவும் காப்பாற்றினார்கள். 2005இல் எழுதிய வடிவத்தையும் 2016இல் திருத்திய வடிவத்தையும் சேர்த்தே ஒரு சிறப்புப் பதிப்பும் போட்டார்கள். ஓர் எழுத்தாளரின் மொழி 11 ஆண்டில் எப்படி வளர்ந்தது என்று வாசகர் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்!

நீல வரிசையின் 1000ஆவது புத்தகம் எது தெரியுமா?

1979இல் 1 என்று தொடங்கிய எண் 2015இல் 1000 ஆனது! அந்த எண்ணை எந்தப் பெரிய எழுத்தாளருக்குக் கொடுப்பது? யாருக்கும் கொடுக்கவில்லை. 'லா மெமோரியா தி எல்வீரா', 'எல்வீராவின் நினைவு' என்று பெயரிட்டு, பதிப்பகத்தின் எழுத்தாளர்கள் கூடித் தங்கள் பதிப்பாளரைப் பற்றி எழுதிய நூலுக்கு அது போனது. மற்றவர்களின் நினைவைக் காப்பாற்றியே வாழ்ந்த அந்த அம்மாளின் நினைவு, தான் வளர்த்த வரிசைக்குள்ளேயே போய் உட்கார்ந்தது!

இப்போது அந்தப் பதிப்பகத்தின் முகவரி என்ன தெரியுமா?

பழைய நீல அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பதிப்பகத்தின் முகவரி: 50, சிராக்கூசா தெரு, பலெர்மோ. இப்போது வரும் புத்தகத்தை எடுங்கள். அதே கட்டடம், அதே 50ஆம் எண். ஆனால் தெருவின் பெயர் வேறு: 'என்ட்ஸோ, எல்வீரா செல்லேரியோ தெரு'!

1983இல் பிரிந்துபோன இருவரின் பெயரையும் ஊர் ஒரே பலகையில் சேர்த்து எழுதிவிட்டது. ஒரு பெண் பணிக்கொடையை எடுத்துவந்து கதவு திறந்த தெரு அது. எங்கிருந்து யார் ஒரு கையெழுத்துப் பிரதியை அனுப்பினாலும் இனி உறைமேல் அந்த இரண்டு பெயர்களையும் எழுதித்தான் அனுப்ப வேண்டும். தபால்காரர் தினமும் அதை வாய்விட்டுப் படிப்பார். நினைவு என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தவர்களை, அவர்களுடைய ஊரே நினைவில் வைத்துக்கொண்டது!